ஆமைக்கு என்ன சாப்பாடு? தீவக வீடுகளுக்குச் சில குறிப்புகள்

மாரி பிடித்துக் குளங்களும் கேணிகளும் நிரம்பினால் குளத்து ஆமைகள் கரையேறி நடக்கத் தொடங்கும். வளவுக்குள் வந்த ஒன்றைப் பிடித்துப் பேசினுக்குள் விட்டதும் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "ஆச்சி, இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறது?" என்பதுதான். கையில் அகப்பட்ட பாண் துண்டோ சோறோ தேங்காய்ப்பூவோ தண்ணீருக்குள் விழுகிறது. யாழ்ப்பாணம் ரவுணில் காசளவுக் குஞ்சு வாங்கிவந்த வீட்டிலும் இதே கேள்வி. கடலுக்குப் போகிறவர் வீட்டிலோ வலையில் வந்த ஆமையை என்ன செய்வது என்று கேட்பார்கள். ஆமை எதைத் தின்று வாழ்கிறது என்று தெரிந்தால் இவை எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு வீடுகளை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

1. முதலில் காலைப் பாருங்கள்.

துடுப்பாகத் தட்டையாய் இருந்தால் அது கடலாமை. விரல்களுக்கிடையில் சவ்வும் நுனியில் கூரிய நகமும் இருந்தால் குளத்து ஆமை. தடித்துத் தூணாக நின்றால் தரையாமை. நம் நாட்டு நட்சத்திர ஆமை இந்தக் கடைசி வகை. அதைத் தொட்டித் தண்ணீரில் போட்டால் மூழ்கிச் செத்துப்போகும். ஆமை என்றாலே தண்ணீரில்தான் வாழும் என்று நம்பிப் பிள்ளைகள் இரக்கத்தோடு செய்கிற பிழை இது. எந்த ஆமைக்கும் பல் கிடையாது. அலகுதான் அதன் கத்தியும் அம்மியும். என்ன தின்கிற ஆமை என்பதை அலகே சொல்லும். கடற்புல் தின்னும் பேராமையின் கீழ் அலகு வாளின் விளிம்புபோல் வெட்டுவெட்டாய் இருக்கும். பாறை இடுக்கில் கொத்தித் தின்னும் அழுங்காமையின் அலகு ஒடுங்கிக் கூராக வளைந்திருக்கும்.

2. வளவுக்குள் வந்த குளத்து ஆமைக்கு எதுவும் கொடுக்க வேண்டாம்.

அது பசித்து உங்கள் வீட்டைத் தேடி வரவில்லை. ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, அல்லது முட்டையிட மண் தேடுகிறது. நாயைக் கட்டிவைத்துவிட்டு அதன் போக்கில் விட்டாலே போதும். தெருவில் நின்றால் அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே கொண்டுபோய் விடுங்கள். திருப்பிவிட்டால் அது மறுபடியும் தெருவைக் கடக்கத்தான் பார்க்கும்.

3. நம் குளங்களில் அவை தின்பது என்ன?

இலங்கையின் தாழ்நிலக் குளங்களுக்கு உரியவை இரண்டு ஆமைகள். ஒன்று கறுப்பு ஆமை. மற்றது பாலாமை. பாலாமையின் பின்காலை மூடுவதற்கு ஓட்டின் அடியில் தோல் மடிப்புகள் இருக்கும்.

கறுப்பு ஆமை பெரும்பாலும் இலை தழைக்காரன். நீர்ப்பூண்டு, கரைப்புல், விழுந்த பழம் என்று மேயும். நத்தை, இறால், செத்த மீன் கிடைத்தால் விடாது. பாலாமைக்கு இறைச்சியில் நாட்டம் கூட. தவளை, வால்பேத்தை, சிறுமீன், நத்தை, நண்டு, பூச்சி, அவற்றோடு கொஞ்சம் நீர்த்தாவரம். இரண்டுமே செத்த உடலைத் தின்னும். அருவருக்க வேண்டாம், இது குளத்துக்குக் கிடைக்கிற பெரிய உதவி. நீரில் விழுந்து அழுகும் தவளையையும் மீனையும் அவை தின்று தீர்ப்பதால்தான் சிறிய கேணிகூட நாறாமல் இருக்கிறது. அப்படிப்பட்ட கேணியில் எலிப்பாஷாணம் தின்று செத்த எலியை எறிந்தால் ஆமையும் சேர்ந்து சாகும். எலியை மண்ணில் ஆழமாய்ப் புதையுங்கள்.

4. கோடையில் குளம் வற்றினால் ஆமை பட்டினி என்று எண்ண வேண்டாம்.

தீவகக் குளங்கள் பல, மழை நின்று சில மாதங்களில் வெடித்த சேறாகிவிடும். பாலாமை அந்தச் சேற்றுக்குள் புதைந்து, உடம்பின் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு, தின்னாமல் குடிக்காமல் அடுத்த மழை வரை கிடக்கும். தோண்டியெடுத்துச் சாப்பாடு கொடுப்பது அதற்குக் கெடுதலே செய்யும். குளம் ஆழப்படுத்தும் வேலை நடப்பதும் இதே மாதங்களில்தான். பெக்கோ இயந்திரம் இறங்குமுன் ஊரவர் ஒருவர் சேற்றுக் கரையோரம் நடந்து பார்த்து, அகப்பட்டதை எடுத்து, வேலை நடக்காத ஓர் ஓரச் சேற்றில் வைத்து மண் மூடிவிடலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

5. கிணற்றுக்குள் ஆமை விட வேண்டாம்.

கிணற்றில் ஆமை விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்ற வழக்கம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல ஊர்களில் உண்டு. ஆனால் கட்டுக் கிணற்றுக்குள் ஆமைக்கு ஏறி வெயில் காயவும் இடமில்லை, தின்னவும் எதுவும் இல்லை. ஆமையின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி சாதாரணமாகவே இருக்கும். நல்ல தண்ணீர்க் கிணறு எண்ணி எடுக்கக்கூடிய தீவில் அந்தத் தண்ணீருக்குள் ஆமை எச்சத்தைச் சேர்ப்பது குடும்பத்துக்கே ஆபத்து. தவறி விழுந்த ஆமை இருந்தால் வாளியையோ பழைய கடகத்தையோ கயிற்றில் இறக்கி எடுத்து, பக்கத்துக் குளத்தில் விடுங்கள். பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் இடுங்கள். நுளம்புக் குடம்பி ஒழிய வேண்டும் என்றால் கிணற்று வாயை வலையால் மூடுவதே நல்லது.

6. நாட்டு ஆமையை வளர்க்கச் சட்டம் இடம் தராது.

1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் கறுப்பு ஆமை, பாலாமை, நட்சத்திர ஆமை, ஐந்து வகைக் கடலாமை ஆகிய எல்லாவற்றையும் காக்கின்றன. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஆகவே இனி வரும் வளர்ப்புக் குறிப்புகள் எல்லாம் கடையில் விற்கும் வெளிநாட்டு ஆமைக்கு மட்டுமே.

7. கடையில் வாங்கும் குஞ்சு எது என்று தெரிந்து வாங்குங்கள்.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது சிவப்புக் காது ஆமை. வட அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து உயிர். காசளவில் வாங்கினது சில ஆண்டுகளில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வளரும். நன்றாகப் பார்த்தால் 30 ஆண்டு வரை இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை மணமுடித்துப் போன பின்னும் ஆமை வீட்டில் நிற்கும். கண்ணாடிப் போத்தலுக்குள் வைத்து வளர்க்கலாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். பவுசரில் நல்ல தண்ணீர் வரும் வீட்டில், கிழமைக்கு இரண்டு மூன்று தடவை தொட்டித் தண்ணீர் மாற்ற முடியுமா? முடியாது என்றால் வாங்க வேண்டாம். என் முடிவான கருத்து இது.

8. வயதுக்கேற்ற பங்கு.

காட்டில் இந்த ஆமையின் குஞ்சு பெரும்பாலும் பூச்சி, புழு, சிறுமீன் தின்னும். வளர வளர இலையும் நீர்ப்பூண்டும் தட்டில் கூடிக்கொண்டு வரும். வீட்டிலும் அதே ஒழுங்கைப் பிடியுங்கள். குஞ்சுக்கு நாளுக்கு ஒருமுறை, பாதிக்கு மேல் மாமிசம். உள்ளங்கையை விடப் பெரிதானால் கீரை வகை நாள்தோறும், மாமிசமும் ஆமைத் தீனி உருண்டையும் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் மட்டும். அளவு கேட்பவர்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு வேளை மாமிசமோ உருண்டையோ ஆமையின் தலையளவுக்கு மேல் போகக்கூடாது. வளர்ப்பு ஆமை எப்போதும் பசித்ததுபோல் வாயைத் திறந்துகொண்டு கண்ணாடியைச் சுரண்டும். இரக்கப்பட்டுப் போட்டுக்கொண்டே இருந்தால் கொழுப்பு வைத்து, தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுக்க முடியாத நிலைக்கு வந்துவிடும்.

9. தண்ணீருக்குள் வைத்துக் கொடுங்கள்.

நீரில் வாழும் ஆமைக்கு உமிழ்நீர் போதாது. தரையில் வைத்த உணவைக் கவ்வும், ஆனால் விழுங்கத் தண்ணீருக்குத்தான் போகும். தொட்டிக்குள்ளேயே கொடுத்தால் மிச்சம் அழுகித் தண்ணீர் மணக்கும். அதனால் வேறொரு பேசினில் ஓடு மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதில் ஆமையை வைத்துச் சாப்பாடு கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் தின்று முடித்து, பெரும்பாலும் எச்சமும் அங்கேயே போட்டுவிடும். தொட்டித் தண்ணீர் இரட்டிப்பு நாள் தாங்கும். பேசின் தண்ணீரைத் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றலாம். வல்லாரை, பொன்னாங்காணி போன்று பச்சையாய்ச் சம்பல் போடும் கீரைப் பாத்திக்கு ஊற்றக்கூடாது. பேசினை வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போகவும் வேண்டாம். தீவின் சித்திரை வெயிலில் ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆமைக்கு வியர்க்காது.

10. வளவிலேயே கிடைக்கிற தீனி.

செவ்வரத்தை இலையும் பூவும், முருங்கையிலை, கொவ்வை இலை, அறுகம்புல், ஆம்பல் இலை, குளத்துப் பாசி. துருவின பூசணிக்காய், செம்மஞ்சள் நிற வத்தாளங்கிழங்கு, கரட் ஆகியவற்றைக் கிழமைக்கு ஒரு நாள். பழுத்த பப்பாசி எப்போதாவது ஒரு துண்டு. இலையைக் கழுவி மேலே மிதக்க விடுங்கள். முதல் சில நாள் திரும்பியும் பார்க்காது. இறைச்சி உருண்டைக்குப் பழகிய ஆமைக்குக் கீரை பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டு நாள் பட்டினி போட்டுப் பிறகு கீரை மட்டும் வையுங்கள். நல்ல உடம்போடு இருக்கிற வளர்ந்த ஆமைக்கு அந்தப் பட்டினி ஒன்றும் செய்யாது.

பசளிக் கீரையை அடிக்கடி கொடுக்க வேண்டாம். அதிலுள்ள ஒக்சாலிக் அமிலம் கல்சியத்தை உடம்பில் சேரவிடாது. கோவாவும் அளவோடுதான்.

11. கணவாய் ஓட்டைக் கடற்கரையில் பொறுக்குங்கள்.

ஆமையின் ஓடு பெரும்பாலும் எலும்பு. அதற்குக் கல்சியம் தொடர்ந்து வேண்டும். வெளிநாட்டில் கணவாய் ஓட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நமக்குக் காற்றடித்த மறுநாள் கரையில் வெள்ளை வெள்ளையாய் ஒதுங்கிக் கிடக்கிறது. நாட்டு வைத்தியர் கடல்நுரை என்று வைத்திருப்பதும் இதைத்தான். மணமில்லாத, உடையாத ஓடாகப் பார்த்து எடுத்து, உப்புப் போகும் வரை நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். முதுகுப் பக்கத்துக் கடினமான தகட்டைக் கத்தியால் நீக்கிவிட்டு மெதுவான பகுதியை ஒரு விரலளவு உடைத்துத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். ஆமை தனக்கு வேண்டியபோது கடித்துக்கொள்ளும். முட்டைக் கோதை அவித்துக் காயவைத்துப் பொடித்து இறைச்சியில் புரட்டிக் கொடுப்பதும் இதற்கு ஈடாகும்.

12. நெத்தலியும் சூடையும் மட்டும் போட்டு வளர்க்க வேண்டாம்.

தீவகத்தில் மலிவாகவும் புதிதாகவும் கிடைப்பவை இவை. இந்தச் சாதி மீன்களின் உடலில் விற்றமின் பி1ஐ அழிக்கும் நொதியம் உண்டு. மாதக்கணக்கில் இதையே தின்னும் ஆமைக்கு நரம்பு தளரும். உறைநிலையில் வைத்தாலும் அந்த நொதியம் போகாது. ஆகவே மாற்றி மாற்றிக் கொடுங்கள்: ஒரு நாள் தலையோடு சின்ன இறால், ஒரு நாள் மண்புழு, ஒரு நாள் குளத்து நத்தை, இடையில் ஒரு நாள் சூடை. குடல் நீக்காமல், முள் நீக்காமல், பச்சையாகவே கொடுக்கலாம். சதை மட்டும் வெட்டிப் போடுவதைவிட முழுச் சிறுமீன் நல்லது. எலும்பிலும் ஈரலிலும்தான் அதற்கு வேண்டிய சத்து இருக்கிறது.

13. இவற்றைக் கொடுக்கவே வேண்டாம்.

பாண், சோறு, பிஸ்கட், மிக்ஸர், பால், தயிர், பொரித்த மீன், கருவாடு, டின் மீன், உப்போ தூளோ போட்ட எந்தக் கறியும். பாணும் சோறும் வயிற்றை நிரப்பும், ஓடு வளர உதவாது. பாலைச் செரிக்க ஊர்வனவற்றால் முடியாது. கோயிற் கேணிப் படியில் நின்று பொரியும் பாணும் எறிகிறவர்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். மிஞ்சினது அடியில் அழுகி, நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைத்து, மீனையும் சேர்த்துக் கொல்லும்.

14. கண் வீங்கினால் முதலில் சாப்பாட்டைச் சந்தேகியுங்கள்.

காய்ந்த இறால் பைக்கற்றையே மாதக்கணக்கில் கொடுத்த ஆமைக்கு விற்றமின் ஏ குறைந்து, இமை வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். கண் தெரியாததால் தின்னாது. தின்னாததால் இன்னும் மோசமாகும். கண்ணில் எதையாவது ஊற்றிப் பார்க்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அதோடு முருங்கையிலை, பூசணி, வத்தாளங்கிழங்கு பக்கம் உணவைத் திருப்புங்கள். ஓடு விரலால் அழுத்த நெளிந்தால் அது கல்சியமும் வெயிலும் போதாமை. காலை வெயிலில் தினமும் சிறிது நேரம், ஒதுங்க நிழலோடு, வெளியே வையுங்கள். யன்னல் கண்ணாடிக்குள்ளால் வரும் வெயில் உதவாது. எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி மறித்துவிடும்.

15. கை கழுவாமல் அடுப்படிக்குப் போகக்கூடாது.

ஆமைத் தொட்டியைச் சமையல் செய்யும் இடத்திலோ பாத்திரம் கழுவும் இடத்திலோ கழுவ வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை ஆமையை வாயருகில் கொண்டுபோக விடாதீர்கள். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குஞ்சு விற்பதை அமெரிக்கா 1975இல் தடைசெய்ததற்குக் காரணமே, பிள்ளைகளுக்குப் பரவிய சால்மோனெல்லா வயிற்றோட்டந்தான்.

16. அலுத்துப்போனால் குளத்தில் விடாதீர்கள்.

சிவப்புக் காது ஆமை உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே அதன் இறக்குமதியை நிறுத்தியது. எதையும் தின்னும் அதன் வாய்தான் பிரச்சினை. நம் கறுப்பு ஆமை தின்னும் பூண்டையும் தின்னும், பாலாமை தின்னும் மீன்குஞ்சையும் தின்னும், வெயில் காயும் கல்லையும் பிடித்துக்கொள்ளும். சிறிய தீவுக் குளத்தில் இரண்டுக்கும் இடம் போதாது. வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்க ஆசைப்படும் இன்னொரு வீட்டைத் தேடுங்கள். இரண்டும் ஆகாவிட்டால் மிருக வைத்தியரையோ வனசீவராசிகள் திணைக்களத்தையோ கேளுங்கள். புண்ணியம் என்று நினைத்தும் குளத்தில் விட வேண்டாம்.

17. கடலாமைகள் ஒவ்வொன்றின் உணவும் வேறு.

ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரை உள்ள ஆழங்குறைந்த கடலின் அடியில் கடற்புல் படுகைகள் உண்டு. நாம் சாதாளை என்று வலையிலிருந்து உதறுவது இவற்றில் அறுந்து வந்ததையே. வளர்ந்த பேராமைக்கு அதுதான் புல்வெளி. 100 கிலோவுக்கு மேல் எடை போடும் அந்த உடம்பு கடற்புல்லாலும் பாசியாலும் ஆனது. அதன் கொழுப்பு பச்சையாய் இருப்பதற்கும் அந்த உணவே காரணம். குஞ்சாய் இருக்கும்போது அது சிறு நண்டும் சொறியும் தின்னும், வளர்ந்த பின்தான் சைவம்.

அழுங்காமைக்குப் பவளப் பாறையில் ஒட்டியிருக்கும் கடற்பஞ்சு. கண்ணாடித் துகள் நிறைந்த அந்தக் கடற்பஞ்சை வேறு உயிர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. பங்குனி ஆமைக்கு நண்டு, இறால், சங்கு, சொறி, மீன் எல்லாம் வேண்டும். பெருந்தலை ஆமை சங்கை ஓட்டோடு நொறுக்கும். ஐந்திலும் பெரியதான ஏழுவரி ஆமை ஏறத்தாழச் சொறியை மட்டுமே தின்று அந்த உடம்பைக் கட்டுகிறது. சொறி வழுக்கி வெளியே வராமலிருக்க அதன் தொண்டை முழுக்கப் பின்பக்கம் சாய்ந்த முட்கள்.

பேராமை மேய்ந்த இடத்தில் கடற்புல் புதிதாய்த் துளிர்க்கும். அந்தப் புல்லுக்குள்தான் ஓராவும் இறால்குஞ்சும் ஒளிந்து வளரும். அடிமடி இழுவை வலை இந்தப் புல்லை வேரோடு வழித்துவிடுகிறது. இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. வள்ளத்தின் நங்கூரத்தைப் புல்லில் போடாமல் மணற் திட்டில் போடுவது நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது. கரையில் ஒதுங்கிக் காய்ந்த சாதாளையை அள்ளித் தென்னைக்குப் போடுவதில் குற்றமில்லை. கடலில் உயிரோடு நிற்பதைப் பிடுங்க வேண்டாம்.

18. கடலாமைக்குக் கையால் ஊட்டப் பழக்க வேண்டாம்.

தெற்கே ஹிக்கடுவையில் கரைக்கு வரும் பேராமைகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் கடற்பாசி ஊட்டிப் படம் எடுக்கிறார்கள். மனிதரிடம் உணவுக்குப் பழகிய ஆமை படகைக் கண்டாலும் விலகாது. இயந்திரத்தின் விசிறியில் அடிபடும். நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டு போகிற இந்தக் காலத்தில், விடுதி வைத்திருப்பவர்களும் படகோட்டிகளும் இந்த வழக்கத்தை இங்கே தொடங்கவிடாமல் காக்க வேண்டும்.

19. சொப்பின் பையைக் கடலில் விடாதீர்கள்.

நயினை நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் குறிகாட்டுவான் துறையிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் படகேறுகிறார்கள்! ஒருவர் கையிலிருந்து ஒரு பை பறந்தாலும் அது அலைக்குள் சொறிபோல மிதக்கும். பார்வை மட்டும் ஏமாறுவதில்லை. கடலில் கிடந்து பாசி பிடித்த பிளாஸ்ரிக்கின் மணத்தையும் ஆமை உணவின் மணமாகவே எடுத்துக்கொள்கிறது என்று 2020இல் பெருந்தலை ஆமைகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. விழுங்கினால் தொண்டை முட்கள் திரும்பித் துப்ப விடமாட்டா. பை குடலில் அடைத்து, வயிறு நிறைந்த உணர்வோடே ஆமை பட்டினியால் சாகும். துணிப்பை கொண்டு வாருங்கள். சாட்டிக் கடற்கரைக்குப் போனால் கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். அறுந்த தங்கூசியைச் சுருட்டி வீட்டுக் குப்பையில் போடுங்கள்.

20. வலையில் வந்த ஆமை அசையாவிட்டால் செத்ததென்று முடிவுகட்ட வேண்டாம்.

மூச்சுத் திணறி மயங்கியிருக்கும். வயிறு கீழே இருக்க வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில், ஈரச் சாக்கால் ஓட்டை மூடிவிடுங்கள். மூக்கை மூடக்கூடாது. நுரையீரலிலிருந்து தண்ணீர் வடிய நான்கு மணித்தியாலமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். வாயில் தண்ணீர் ஊற்றுவது, மீன் திணிப்பது எதுவும் வேண்டாம். தலையைத் தூக்கிக் காலை அடிக்கத் தொடங்கிய பிறகு, இயந்திரத்தை நிறுத்தி, மெதுவாகக் கடலில் இறக்குங்கள்.

21. ஆமைக் குஞ்சுக்குத் தீனி தேட வேண்டாம்.

மணலிலிருந்து வெளிவரும் கடலாமைக் குஞ்சின் வயிற்றுக்குள் முட்டை மஞ்சட்கருவின் மிச்சம் இருக்கும். முதல் சில நாள் ஆழ்கடலை நோக்கி ஓயாமல் நீந்த அதுவே போதும். தொட்டியில் வைத்துச் சாப்பாடு கொடுத்துப் பிறகு விடுவோம் என்று நினைத்தால் அந்த நீந்தும் வேகத்தை வீணடிக்கிறோம். வீட்டு முற்றத்து விளக்கு கடலைப் பார்த்தபடி இருந்தால் குஞ்சு வெளிவரும் நாட்களில் அணைத்துவிடுங்கள். குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும்.

22. கடலாமை இறைச்சி வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக்கும் ஆமை இறைச்சிக்கும் பழைய தொடர்பு உண்டு. யாழ்ப்பாணச் சந்தையில் உயிரோடிருக்கும் ஆமையைத் துண்டு துண்டாய் வெட்டி விற்ற கொடுமையைப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் தெனன்ற் 1861இல் வெளியிட்ட தன் நூலில் பதிந்திருக்கிறார். 1840 ஒக்டோபரில் பாணந்துறையில் ஆமை இறைச்சி தின்ற 28 பேரில் 18 பேர் இறந்ததையும் அதே நூல் சொல்கிறது. 2024 மார்ச்சில் சன்சிபாரின் பெம்பாத் தீவில் எட்டுப் பிள்ளைகளும் ஒரு தாயும் இதே காரணத்தால் இறந்தார்கள்.

நஞ்சு எங்கிருந்து வருகிறது? ஆமை தின்னும் பாசியிலும் கடற்பஞ்சிலும் இருந்து உடம்பில் சேர்கிறது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அழுங்காமையில் ஆபத்து அதிகம், பேராமையிலும் உண்டு. நேற்றுத் தின்று ஒன்றும் ஆகாதவர் இன்று சாகலாம், ஏனென்றால் ஆமை எதை மேய்ந்தது என்று எவருக்கும் தெரியாது. அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. மாற்று மருந்தும் இல்லை. பாலூட்டும் தாய் தின்றால் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் ஏறும். தின்ற பின் வாந்தி, நாக்கில் புண், விழுங்க முடியாமை, தூக்க மயக்கம் கண்டால் காத்திருக்க வேண்டாம். தீவிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகப் படகும் வேண்டும், நேரமும் வேண்டும். உடனே புறப்படுங்கள். சட்டம் 1972 முதல் கடலாமையைக் காக்கிறது, அது வேறு. நான் முதலில் நினைப்பது பிள்ளைகளின் உயிரை.

23. கனடாவில் இருக்கும் உறவுகளுக்கு.

புங்குடுதீவாரும் வேலணையாரும் நிறைந்த ஸ்காபரோவில், ரூஜ் ஆற்றுப் பக்கத்தில், ஸ்னாப்பிங் ஆமை உண்டு. மே கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை பெண் ஆமைகள் முட்டையிட வீதியோரச் சரளை மண்ணுக்கு ஏறி வரும். பெரிய தலை, நீண்ட வால், சற்றுப் பயம் பிடிக்க வைக்கும் அலகு. தண்ணீருக்குள் மனிதரைக் கண்டால் விலகிப் போகும். கரையில் ஓட்டுக்குள் முழுதும் ஒடுங்க முடியாததால்தான் கடிக்க வரும்.

மீனையும் வாத்துக்குஞ்சையும் தின்று தீர்க்கிறது என்று அதைப் பழிப்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள். வயிற்றைத் திறந்து பார்த்த ஆய்வுகள் வேறு சொல்கின்றன. 1940களில் மிச்சிகன் மாநிலத்தில் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர்த்தாவரம். மிச்சம் நண்டு வகை, நத்தை, பூச்சி, மீன், செத்த உடல்கள். நம் பாலாமை தீவுக் குளத்தில் செய்கிற அதே துப்புரவு வேலை. அமெரிக்காவின் தென்பகுதியில் வாழும் இதன் உறவான அலிகேற்றர் ஸ்னாப்பிங் ஆமை ஆற்றடியில் வாயைத் திறந்தபடி கிடந்து, நாக்கின் நுனியிலுள்ள புழுப்போன்ற சதையை நெளித்து மீனை வரவழைக்கும்.

ஒன்ராறியோவில் இவை முட்டையிடும் வயதுக்கு வர 15 ஆண்டுக்கு மேல் ஆகும். 2017இல் மாகாண அரசு வேட்டையை நிறுத்தியது. காட்டிலிருந்து பிடித்து வளர்க்கவும் முடியாது. வீதியில் கண்டால் வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம், முதுகெலும்பு விலகும். கழுத்து நீண்டு ஓட்டின் பக்கவாட்டுக்கும் எட்டும், ஆகவே பக்கத்திலும் பிடிக்க வேண்டாம். காரின் கால்மிதி விரிப்பைப் பின்னாலிருந்து அடியில் நுழைத்து, அது போகிற திசையிலேயே இழுத்து, வீதியின் மறுகரையில் விட்டுவிடுங்கள். பின்னால் வரும் வாகனங்களுக்கு முதலில் எச்சரிக்கை விளக்கைப் போட மறக்க வேண்டாம்.